தரவு இறக்குமதியும் ஏற்றுமதியும்: வேகத்துக்கு முன்னால் கணக்கு தீர வேண்டும்

நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதற்காக, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டோடும் இணையும் ஒரு தரவுத்தள மேலாண்மைக் கருவியை உங்கள் குழுவே எழுதிவருவதாகவும், அதில் இறக்குமதி, ஏற்றுமதிப் பகுதிகளைப் பற்றித்தான் புகார்கள் அதிகம் வருவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எட்டு லட்சம் வரிசைகள் கொண்ட உறுப்பினர் பட்டியலை ஏற்ற மணிக்கணக்கில் ஆகிறது. பாதியில் நின்றால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியவில்லை. தமிழ்ப் பெயர்கள் சில நேரம் உடைந்து வருகின்றன. ஏற்றுமதி செய்த கோப்பையே திரும்ப ஏற்றினாலும் பழைய தரவு அப்படியே கிடைப்பதில்லை. இந்த நான்கில் எதை முதலில் சரிசெய்வது என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலோர் வேகத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அதைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைப்பேன். மெதுவாக ஓடும் இறக்குமதியைப் பயனர் கண்ணால் பார்க்கிறார், சலித்துக்கொள்கிறார், தேநீர் குடித்துவிட்டு வருகிறார். தரவைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் இறக்குமதியை யாரும் பார்ப்பதில்லை. சில மாதங்கள் கழித்து யாருக்கோ போக வேண்டிய பணம் திரும்பி வந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறார்கள். ஆகவே கருவிக்கு முதல் விதியாக இதை வையுங்கள்: கோப்பிலிருந்து படிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை, அட்டவணையில் ஏறியவை, நிராகரிக்கப்பட்டவை, பயனரே விட்டுவிடச் சொன்னவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று இடித்தாலும் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று காட்டக்கூடாது. கீழே சொல்பவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கான வழிகளே.

எண்ணுவதிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. சிஎஸ்வி கோப்பில், அதாவது புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக்கோப்பில், ஒரு வரி என்றால் ஒரு வரிசை என்று நம்பி எழுதப்பட்ட கருவிகள் ஏராளம். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி, மேற்கோள்குறிகளுக்குள் இருக்கும் புலத்தில் காற்புள்ளியும் வரலாம், வரி முறிவும் வரலாம்; மேற்கோள்குறியே வந்தால் அதை இரட்டிப்பாக எழுத வேண்டும். நம் முகவரிகளை நினைத்துப் பாருங்கள்: கதவு எண், காற்புள்ளி, தெருப் பெயர், பிறகு யாரோ என்டர் தட்டியிருப்பார்கள், அடுத்த வரியில் அஞ்சல், வட்டம். எட்டு லட்சம் பேர் கொண்ட பட்டியலில் வெறும் வரிகளை எண்ணினால் அதைவிடப் பல ஆயிரம் கூடுதலாக வரும். எனவே வரிகளை எண்ணாமல், முறையாகப் பிரித்துப் படித்த பதிவுகளை எண்ணுங்கள். முன்னேற்றப் பட்டையை மட்டும் படித்து முடித்த பைட்டுகளை வைத்து நகர்த்துங்கள், அதற்குக் கோப்பின் அளவு போதும். காற்புள்ளியை வைத்துச் சரத்தை வெட்டும் ஒற்றை வரி நிரல் எங்காவது இருந்தால் இன்றே நீக்கிவிட்டு, சோதிக்கப்பட்ட நூலகம் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, கோப்பு உங்கள் கையில் வந்து சேர்வதற்கு முன்பே நடந்துவிட்ட சேதம். எக்செல் எந்த எண்ணிலும் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். கணக்கு எண் பூச்சியத்தில் தொடங்கினால் அந்த முன்பூச்சியங்கள் போய்விடும். 12 இலக்க ஆதார் எண்ணுக்கு நேர்வது வேறு: பொது வடிவத்தில் இருக்கும் கலத்தில் அது 1.23457, அதன்பின் ஒரு ‘ஈ’ எழுத்து, பிறகு +11 என்று சுருக்கிக் காட்டப்படும். அந்தத் தாளை அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த அந்தச் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மீதி ஆறு இலக்கங்கள் எங்குமே இல்லை. ஒருமுறை என்னிடம் வந்த ஒரு பட்டியலில் கணக்கு எண்கள் அத்தனையும் பூச்சியத்தில் முடிந்தன. ஏற்றியவருக்குக் கருவி எந்தப் பிழையும் காட்டவில்லை. காட்டவும் முடியாது, ஏனென்றால் அவை எல்லாம் செல்லுபடியாகும் எண்கள்தாம்.

இதற்கு உங்கள் கருவி இரண்டு காரியங்கள் செய்யலாம். எக்செல் கோப்பை, அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸை, சிஎஸ்வியாக மாற்றச் சொல்லாமல் நேரடியாகப் படியுங்கள். அதற்குள் ஆதார் எண்ணின் 12 இலக்கங்களும் முழுமையாக இருக்கின்றன, சுருங்கியது காட்சி மட்டுமே. 16 இலக்க எண்ணை அப்படி மீட்க முடியாது என்பதால், நெடுவரிசை முழுவதும் 16 இலக்க எண்களாக இருந்து அனைத்தும் பூச்சியத்தில் முடிந்தாலோ, ‘ஈ+11’ வகை மதிப்பு ஒன்றாவது கண்ணில் பட்டாலோ, இறக்குமதியை நிறுத்திப் பயனரிடம் காட்டுங்கள். தடுக்காவிட்டாலும் பரவாயில்லை, காட்டுவது முக்கியம். கோப்பு வடிவத்தின் வரம்பும் இதே வகைதான். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளையும், புதியது 10,48,576 வரிசைகளையும் தாங்கும். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய வடிவத்தில் சேர்த்தபோது, வரம்பைத் தாண்டிய வரிசைகள் விடுபட்டுப் போய், 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வராமலேயே இருந்தது. உள்ளே வந்த எண்ணிக்கையையும் ஏறிய எண்ணிக்கையையும் ஒப்பிடும் ஒரே ஒரு வரி நிரல் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, தரவின் வகையை ஊகிப்பது. முதல் சில வரிசைகளைப் பார்த்து ‘இது முழு எண்’, ‘இது தேதி’ என்று முடிவெடுப்பது எல்லாக் கருவிகளிலும் இருக்கும் பழக்கம். மைக்ரோசாஃப்டின் பழைய எக்செல் இயக்கி இயல்பாக எட்டு வரிசைகளைத்தான் பார்க்கும். டக்டிபி என்ற பகுப்பாய்வுத் தரவுத்தளம் 20,480 வரிசைகளைப் பார்க்கிறது. எட்டை விட அது எவ்வளவோ மேல் என்றாலும், 20,481ஆவது வரிசையில் ‘பொருந்தாது’ என்று யாராவது எழுதியிருந்தால் ஊகம் ஊகம்தான். தேதியில் இது இன்னும் மோசம். 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு மார்ச் 4. அப்படிப்பட்ட கணினியில் எக்செல், 03/04/2024ஐ மார்ச் 4 என்று தேதியாக மாற்றிவிட்டு, அடுத்த வரிசையில் இருக்கும் 13/04/2024ஐ மாற்ற முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி சரியான எழுத்து. (தேதி ஆக்குவதில் எக்செல் காட்டும் ஆர்வம் ஊரறிந்தது. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற மரபணுக்களின் பெயர்களையே அது தேதியாக்கிவந்ததால், மரபணுப் பெயரிடல் குழு அந்தப் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று.) உங்கள் கருவி வரிசைக்கு வரிசை முடிவை மாற்றக்கூடாது. நெடுவரிசை முழுவதையும் பார்க்க வேண்டும்: முதல் பகுதி 12ஐத் தாண்டிய மதிப்பு ஒன்றாவது இருந்து, இரண்டாம் பகுதி எங்கும் 12ஐத் தாண்டாவிட்டால் அது நாள் முதலில் வரும் வடிவம். இரண்டும் 12க்குள்ளேயே இருந்தால் பயனரைக் கேளுங்கள். கேட்பது கருவிக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள்தாம் ஊகத்தில் விழுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் நான் பரிந்துரைப்பது பழைய, பகட்டில்லாத ஒரு வழி. கோப்பை நேரடியாக இறுதி அட்டவணையில் ஏற்றாதீர்கள். எல்லா நெடுவரிசைகளும் வெறும் எழுத்து வகையாக இருக்கும் ஓர் இடைநிலை அட்டவணையில் முதலில் ஏற்றுங்கள். கோப்பின் பெயர், கோப்பில் அது எத்தனையாவது பதிவு என்ற எண், எந்த முறை ஏற்றியது என்ற அடையாளம் ஆகிய மூன்றையும் கூடவே சேருங்கள். அதன்பின் வகை மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 16 முதல், ஒரு மதிப்பு குறிப்பிட்ட வகைக்குப் பொருந்துமா என்று பிழை எழுப்பாமலே சோதித்துச் சொல்லும் ‘பிஜி இன்புட் இஸ் வேலிட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அதை வைத்து நெடுவரிசை வாரியாக ‘பிறந்த தேதியில் 212 மதிப்புகள் தேதியாக மாறவில்லை, அவற்றில் முதல் இருபது இவை’ என்று திரையில் காட்டலாம். மைஎஸ்கியூஎல்லில் அப்படி ஒன்று இல்லாததால் ஒழுங்குக்கோவை (ரெஜெக்ஸ்) வைத்துச் சோதிக்க வேண்டும். மாறாத வரிசைகளை, காரணம் எழுதிய ஒரு கூடுதல் நெடுவரிசையோடு, மூலக் கோப்பின் அதே வடிவத்தில் தனிக் கோப்பாக எழுதிக் கொடுங்கள். பயனர் அதைத் திருத்தி அந்தக் கோப்பை மட்டும் மறுபடி ஏற்றினால் வேலை முடிந்தது. ஆரக்கிளின் எஸ்கியூஎல் லோடர் நிராகரித்த பதிவுகளை ‘பேட்’ கோப்பு என்று தனியே எழுதும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. அழகான வரைகலைக் கருவிகள் பலவற்றில் இன்னும் அது வந்து சேரவில்லை என்பது எனக்கு வியப்புத்தான்.

தமிழ் உடைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தமிழ் உடைகிறது’ என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. முதலாவது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும் காட்சி. யூனிகோடு உரையைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அவற்றை ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற விண்டோஸ் மேற்கத்தியக் குறியீட்டு முறையில் படித்தால் முதல் பைட் அந்த ‘ஏ’ ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்ட ‘ஆர்’ ஆகவும் தெரியும். இந்த நோயில் தரவு சாகவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. சரியான முறையில் மறுபடி படித்தால் மீண்டுவிடும். இரண்டாவது, கேள்விக்குறிகளின் வரிசை. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் வழக்கமான வார்சார் என்ற எழுத்து வகை நெடுவரிசையில் தமிழைப் போட்டால் இப்படி ஆகும், ஏனென்றால் அந்த வகை வழக்கமாகப் பயன்படுத்தும் பழைய குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கென்று ஒன்று கிடையாது. இதை மீட்க வழியில்லை. உங்கள் கருவி பிற்காலத்தில் எஸ்கியூஎல் சர்வரோடும் இணைந்தால், மூலத்தில் கேள்விக்குறி இல்லாத புலத்தில் ஏற்றிய பின் கேள்விக்குறிகள் வந்தால் அந்த இறக்குமதியையே ரத்து செய்யுங்கள்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பை போலத் தெரியும் பழைய தரவு. அது குப்பை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டது. கோப்பைப் பொறுத்தவரை அது சாதாரண ஆங்கில உரை என்பதால் எந்த என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) சோதனையிலும் மாட்டாது. இதற்கு மாற்றி ஒன்றை இறக்குமதித் திரையிலேயே, நெடுவரிசைக்கு நெடுவரிசை தேர்ந்தெடுக்கும்படி வைக்க வேண்டும்; பெயர் பாமினியிலும் மின்னஞ்சல் முகவரி உண்மையான ஆங்கிலத்திலும் இருக்கும் கோப்பை முழுவதுமாக மாற்றினால் மின்னஞ்சல்கள் தமிழாகிவிடும். நான்காவது நோய்தான் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சரங்கள். ஒரு கோப்பில் வந்த ‘கோமதி’யும் இன்னொரு கோப்பில் வந்த ‘கோமதி’யும் இணையாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லா உரையையும் ஏற்றும்போதே என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கான ‘நார்மலைஸ்’ செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி எழுதிய ‘கெளசல்யா’வை என்எஃப்சி திருத்தாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதைத் தானாகத் திருத்துவதும் சரியல்ல, ஏனென்றால் ‘கெளுத்தி’ என்ற சொல்லில் ளகரம் ளகரம்தான். பட்டியலிட்டுக் காட்டிப் பயனரிடம் விடுங்கள்.

என்கோடிங்கைக் கண்டுபிடிக்கும் வேலை நினைப்பதைவிட எளிது. கோப்பு முழுவதும் பிழையற்ற யுடிஎஃப்-8ஆக இருந்து, அதில் ஆங்கிலமல்லாத பைட்டுகளும் இருந்தால், அது யுடிஎஃப்-8தான். வேறு முறையில் எழுதிய உரை தற்செயலாக அந்த விதிகளுக்குள் அடங்குவது மிக அரிது. முதல் சில கிலோபைட்டுகளோடு நிறுத்தாமல் முழுக் கோப்பையும் சோதியுங்கள். கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம் இருந்தால் அதை உரிக்க மறக்காதீர்கள். அது ஒட்டிக்கொண்டே இருந்தால் முதல் நெடுவரிசையின் தலைப்போடு சேர்ந்துவிடும். பிறகு ‘உறுப்பினர் எண் என்ற நெடுவரிசை இல்லை’ என்று கருவி சொல்லும், பயனர் திரையில் ‘உறுப்பினர் எண்’ என்று தெளிவாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்று இருக்கும் பழைய அட்டவணைகளில் ஓர் எச்சரிக்கை: அது மூன்று பைட்டோடு நின்றுவிடும். சாதாரணத் தமிழுக்கு அது போதும், முகக்குறிகளுக்குப் போதாது. 2019இல் யூனிகோடில் சேர்ந்த காணி, மா போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் போதாது. இணைப்பையும் அட்டவணையையும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி வேகம். உங்கள் கருவி ஒவ்வொரு வரிசைக்கும் தனி ‘இன்சர்ட்’ கட்டளை அனுப்புகிறது என்று நீங்கள் சொன்னதிலிருந்தே நோய் தெரிகிறது. சர்வர் வேறு நகரத்தில் இருந்து, ஒரு கட்டளை போய்ப் பதில் வர 40 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு லட்சம் வரிசைகளுக்கு 32,000 வினாடி, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம், அதுவும் சர்வர் எந்த வேலையும் செய்யாமல் பயணத்துக்கு மட்டும். ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிலைப்படுத்தும் தானியங்கு கமிட்டும் இருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் வட்டில் எழுதி உறுதிசெய்யும் நேரம் தனி. போஸ்ட்கிரெஸில் ‘காப்பி’ கட்டளையும் மைஎஸ்கியூஎல்லில் ‘லோட் டேட்டா’வும் இதற்காகவே இருக்கின்றன, இரண்டாவது வழக்கமாக இன்சர்ட்டைவிட 20 மடங்கு வேகமானது என்று மைஎஸ்கியூஎல் கையேடே சொல்கிறது. இடைநிலை அட்டவணையில் இன்டெக்ஸோ அயல் சாவியோ வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் அதை ‘அன்லாக்டு’ அட்டவணையாக உருவாக்கினால் பதிவேட்டில் எழுதும் வேலையும் மிச்சம். சர்வர் திடீரென்று விழுந்தால் அது காலியாகிவிடும், ஆனால் மூலக் கோப்புதான் கையில் இருக்கிறதே.

இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நேர் எதிரான குணங்கள் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். காப்பி கண்டிப்பானது: 7,99,999ஆவது வரிசையில் ஒரு நெடுவரிசை கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தையும் ரத்து செய்துவிடும். 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17இல், வகை மாறாத வரிசைகளைத் தாண்டிச் செல்லும் வசதி வந்தது. எத்தனை வரை தாண்டலாம் என்ற வரம்பை 18இல் சேர்த்தார்கள். ஆனால் அது வகை மாற்றப் பிழைகளுக்கு மட்டுமே; தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்டால் பழையபடி நிற்கும், தாண்டிய வரிசைகளை எங்கும் சேமித்தும் வைக்காது. எல்லாம் எழுத்து வகையாக இருக்கும் இடைநிலை அட்டவணையில் வகைப் பிழையே வராது என்பதால் எனக்கு அந்த வசதி பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. நெடுவரிசை எண்ணிக்கையையும் யுடிஎஃப்-8 செல்லுபடியையும் அனுப்பும் முன் கருவி சோதித்துவிட்டால் போதும். லோட் டேட்டா, அதிலும் பயனரின் கணினியிலிருந்து கோப்பை அனுப்பும் ‘லோக்கல்’ வடிவம், எதிர்த் திசையில் தாராளமானது: இரட்டை வரும் சாவிகளையும் பொருந்தாத மதிப்புகளையும் பிழையாக்காமல் எச்சரிக்கையாக்கிவிட்டுத் தொடரும். எச்சரிக்கைப் பட்டியலை உங்கள் கருவி கேட்டு வாங்காவிட்டால் பயனருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டாலும், பதிப்பு 8இல் இயல்பாக 1,024 எச்சரிக்கைகளோடு பட்டியல் நின்றுவிடும். அதனால்தான் எண்ணிக்கையை ஒப்பிடுவதை விடக்கூடாது என்கிறேன். இந்த லோக்கல் வடிவம் பதிப்பு 8இல் இயல்பாகவே மூடப்பட்டிருக்கும். நம்பத்தகாத சர்வர் ஒன்று பயனரின் கணினியிலிருந்து வேறு கோப்பைக் கேட்டு வாங்கிவிட முடியும் என்பதே காரணம். ஆகவே அதை எப்போதும் திறந்து வைக்காமல், இறக்குமதி இணைப்புக்கு மட்டும் திறந்து மூடுங்கள்.

பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கும் இடைநிலை அட்டவணையே பதில் வைத்திருக்கிறது. கோப்பை ஐம்பதாயிரம் பதிவுகள் கொண்ட துண்டுகளாக ஏற்றி, ஒவ்வொரு துண்டும் கமிட் ஆகும் அதே டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் கட்டளைத் தொகுதிக்குள்) ‘இந்தப் பதிவு வரை முடிந்தது’ என்று ஒரு சிறு அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தால் அடுத்த துண்டிலிருந்து தொடரலாம். இடைநிலையிலிருந்து இறுதி அட்டவணைக்குப் போவதை மட்டும் ஒரே டிரான்சாக்ஷனில், முழுவதும் அல்லது எதுவும் இல்லை என்று வையுங்கள். அது முடிந்த கையோடு இரண்டு சில்லறை வேலைகள் இருக்கின்றன, இரண்டும் அடிக்கடி மறக்கப்படுபவை. போஸ்ட்கிரெஸில் அடையாள எண்களைக் கோப்பிலிருந்தே ஏற்றியிருந்தால், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் நகர்ந்திருக்காது. அதை அதிகபட்ச எண்ணுக்கு நகர்த்தாவிட்டால் மறுநாள் காலை முதல் புதிய உறுப்பினரைச் சேர்ப்பவருக்கு ‘சாவி ஏற்கெனவே இருக்கிறது’ என்று வரும். அட்டவணையின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ கட்டளையை ஓட்டாவிட்டால், தானியங்கிப் பணி வந்து சேரும் வரை, வினவல் திட்டமிடுபவர் பழைய கணக்கையே நம்பிக்கொண்டிருப்பார்.

ஏற்றுமதிக்கு வருவோம். பெரிய அட்டவணையை ஏற்றுமதி செய்யும்போது கருவி நினைவகம் போதாமல் விழுகிறது என்றால், ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி இயக்கி முழு விடையையும் ஒரேயடியாக நினைவகத்தில் வாங்கிக்கொள்வதைச் சந்தேகியுங்கள். போஸ்ட்கிரெஸ் இயக்கியில் தானியங்கு கமிட்டை நிறுத்திவிட்டு, ஒரு முறைக்கு எத்தனை வரிசைகள் என்ற அளவைக் குறிப்பிட்டால்தான் பகுதி பகுதியாக வரும். அளவை மட்டும் குறிப்பிட்டுவிட்டு கமிட்டை மறப்பவர்கள் நிறையப் பேர். பல அட்டவணைகளை ஏற்றுமதி செய்தால் அனைத்தையும் ஒரே ஸ்னாப்ஷாட்டில், அதாவது ஒரே கணத்தின் நிலையில், படியுங்கள். இல்லாவிட்டால் ரசீது அட்டவணையில் இருக்கும் உறுப்பினர், சற்று முன்னால் எழுதி முடித்த உறுப்பினர் அட்டவணையில் இருக்கமாட்டார். கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். மைஎஸ்கியூஎல்லின் ஏற்றுமதிக் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப் தன் கோப்பின் கடைசியில் ‘டம்ப் முடிந்தது’ என்று ஒரு குறிப்பு வரி எழுதுவதும் இதே நோக்கத்தில்தான்: அந்த வரி இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்தது.

திரும்ப ஏற்றும்போது தரவு மாறிவிடுகிறது என்ற புகாருக்கு என் பதில் சற்றுக் கடுமையாக இருக்கலாம். நீங்கள் ஒரே பொத்தானில் இரண்டு வேலைகளை வைத்திருக்கிறீர்கள். மேலாளர் எக்செலில் திறந்து பார்ப்பதற்கான கோப்பும், கருவி திரும்பப் படிப்பதற்கான கோப்பும் ஒன்றாக இருக்க முடியாது. முதலாவதில் தொகையை 1,25,000 என்று லட்சக் காற்புள்ளியோடு எழுதலாம், தேதியை நம் வழக்கப்படி போடலாம், எக்செல் தமிழைச் சரியாகத் திறக்கும்படி பிஓஎம் வைக்க வேண்டும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி ஆகியவற்றில் தொடங்கும் உரையை எக்செல் சூத்திரமாக ஓட்டிவிடாமல் இருக்க அதற்கு முன் ஒற்றை மேற்கோளும் சேர்க்கலாம். இவை ஒவ்வொன்றும் இரண்டாவது கோப்பில் தரவுச் சேதம். அங்கே எண்ணில் எந்த அலங்காரமும் கூடாது, தேதி ஆண்டில் தொடங்கும் ஐஎஸ்ஓ வடிவில் இருக்க வேண்டும், நேரத்தோடு +05:30 என்ற மண்டல வித்தியாசமும் எழுதப்பட வேண்டும். மதிப்பே இல்லாத ‘நல்’லும் வெற்றுச் சரமும் வேறுபட்டுத் தெரிய வேண்டும்: போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி மரபில் மேற்கோள் இல்லாத வெற்றிடம் நல், மேற்கோள்குறிகளுக்குள் வெற்றிடம் என்றால் வெற்றுச் சரம். மைஎஸ்கியூஎல் பின்சாய்கோட்டோடு பெரிய ‘என்’ எழுதும். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, எதை எடுத்தீர்கள் என்பது கோப்போடு கூடவே போக வேண்டும். ஜேசன் வடிவத்தில் தருவதானால் 9,00,71,99,25,47,40,991ஐத் தாண்டிய முழு எண்களைச் சரமாக எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு மேல் துல்லியமாக வைத்திருக்காது, உலாவியில் ஓடும் உங்கள் கருவியே அந்த எண்ணைக் கெடுத்துவிடும்.

‘கூடவே போக வேண்டும்’ என்று சொன்னது ஒரு சிறிய துணைக்கோப்பை நினைத்துத்தான். நெடுவரிசைகளின் பெயர், வகை, என்கோடிங், பிரிப்பான், நல்லைக் குறிக்கும் முறை, மொத்த வரிசைகள், கோப்பின் சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றை அதில் எழுதிவிட்டால், திரும்ப ஏற்றும்போது ஊகத்துக்கே இடமிருக்காது. எண்ணிக்கையையும் அதோடு ஒப்பிடலாம். மைஎஸ்கியூஎல் ஷெல்லின் டம்ப் வசதி இப்படித்தான் தரவோடு ஜேசன் விவரக் கோப்புகளை எழுதுகிறது. நெடுவரிசை வாரியாகத் தரவைச் சேமிக்கும் பார்க்கே வடிவம் வகை விவரத்தைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. பகுப்பாய்வுக் குழுவுக்குத் தரவு தருவதானால் அதையும் சேருங்கள், ஆனால் உங்கள் பயனர்கள் கேட்பது அதுவல்ல என்பதால் அவசரமில்லை. மாதாமாதம் ஒரே மாதிரிக் கோப்பை ஏற்றுபவர்களுக்கு, எந்தத் தலைப்பு எந்த நெடுவரிசைக்கு என்ற பொருத்தத்தைச் சேமித்து வைக்கும் வசதியே பெரிய உதவி. பொருத்தத்தை இடத்தை வைத்துச் செய்யாமல் தலைப்பை வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால், அனுப்புபவர் நடுவில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்த மாதம் வட்டத்தின் பெயர் தொலைபேசி எண்ணுக்குள் போய் உட்காரும்.

நீங்கள் மூன்று பேர் மட்டும் வேலை செய்வதாகச் சொல்லியிருப்பதால், வரிசையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் இடைநிலை அட்டவணையும் நிராகரிப்புக் கோப்பும், அடுத்து என்கோடிங் சோதனையும் இயல்பாக்கமும், பிறகு காப்பி, லோட் டேட்டாவுக்கு மாறுவது, கடைசியில் ஏற்றுமதியை இரண்டாகப் பிரிப்பது. அதற்கெல்லாம் முன்பு, இன்று மாலையே ஒரு சோதனைக் கோப்பைத் தயாரித்துவிடுங்கள். இருபது வரிசைகள் போதும். ஒரு முகவரிக்குள் வரி முறிவு, ஒரு பெயருக்குள் மேற்கோள்குறி, பூச்சியத்தில் தொடங்கும் கணக்கு எண், 19 இலக்க எண் ஒன்று, இரண்டு விதமாக எழுதிய கோமதி, ஒரு கெளசல்யா, ஒரு முகக்குறி, நல் ஒன்று, வெற்றுச் சரம் ஒன்று, 03/04/2024, கழித்தல் குறியில் தொடங்கும் ஒரு குறிப்பு, கடைசி வரிசையில் ஒரு நெடுவரிசை கூடுதல். இதை ஏற்றி, திரும்ப ஏற்றுமதி செய்து, அதை இன்னொரு காலி அட்டவணையில் ஏற்றி, இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிடும் சோதனையை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுங்கள். 19 ஏறி, 1 நிராகரிக்கப்பட்டு, இரண்டு அட்டவணைகளுக்கும் இடையில் ஒரு பைட் கூட வேறுபடாமல் இருந்தால் வெளியிடலாம்.